விறைப்பும் உளைச்சலும்

அந்தமானின் வண்டூர்த் துறையில் படகைப் பிணித்த கயிறு, அலை இழுக்குந்தோறும் விறைக்கின்றது. அலை தணிய, தளர்கின்றது. அக்கயிற்றின் இழுவிசையையும், கரையில் நிற்பவரின் உள்ளப் பதற்றத்தையும் ‘டென்ஷன்’ என்னும் ஒரே சொல்லால் நாம் இன்று சுட்டுகின்றோம். இதனைச் சொல்வறுமை என்றே கூறவேண்டும்.

தமிழுக்கு அவ்வறுமை இல்லை. விறைப்பு தசைக்குரியது, பதைப்பு நெஞ்சுக்குரியது, உளைச்சல் நீடித்து வருத்துவது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதலிய எட்டனைக் கூறியபின், மேலும் 32 மெய்ப்பாடுகளை அடுக்குகின்றார். அவற்றுள் வியர்த்தலும் நடுக்கும் உடலிற் புலப்படுவன; ஐயமும் கையாறும் உள்ளத்தில் எழுவன. இரண்டனையும் அவர் ஒருங்கு வைத்தார். ஆயினும் ஒன்றெனக் குழப்பினாரல்லர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவுகளைத் தாக்கியது. அலை கண்டோரின் நடுக்கம் வேறு. பின்னாளில் கடலொலி கேட்டு உறக்கமிழப்போரின் உளைச்சல் வேறு. உற்றாரை இழந்தோரின் கையாறு வேறு. இம்மூன்றனையும் ‘மன அழுத்தம்’ என்றெழுதி அமையும் உரைநடை, துன்பத்தின் முகத்தையே மறைத்துவிடுகின்றது. பெயர் தவறினால் ஆறுதலும் இடம் தவறும். சொல்லை ஆய்ந்தெழுதுதல் பிறர் துயரறியும் கடமையின் முதற்படி என்பதே நம் துணிபு.