நடுவரும் புலவரும்: கற்பனையுலக விளையாட்டின் தொன்மங்களும் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தின் உரைமரபும்

1. ஒரு கலைச்சொற் சிக்கல்

கற்பனையுலக மேசை விளையாட்டுகளின் விதிநூல்களைத் தமிழாக்க முற்படுவோர் முதற் பக்கத்திலேயே ஒரு சொல்லில் தடைப்பட்டு நிற்கின்றனர். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, பேச்சாலேயே கதையை நகர்த்திச் செல்லும் விளையாட்டு இது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் நூல் இவ்வகைக்கு முன்னோடி. இதில் ஒருவர் மட்டும் தமக்கெனக் கதைமாந்தர் எவரையும் ஏற்பதில்லை. உலகை விவரிப்பவர் அவர். எதிர்ப்படும் பகைவராகவும் வழிப்போக்கராகவும் பேசுபவர் அவர். விதிநூலில் விடை இல்லாதபோது தீர்ப்புச் சொல்பவரும் அவரே. 1974-ஆம் ஆண்டு நூலில் அவருக்கு 'ரெஃப்ரீ' என்பதே பெயர். 'டஞ்சன் மாஸ்டர்', 'கேம் மாஸ்டர்' என்பன பின்னர் நிலைபெற்றன.

தமிழில் இதனை 'நடுவர்' என்றால், திடலில் ஊதுகுழலோடு ஆட்டத்திற்குப் புறம்பாக நிற்பவரே மனத்தில் தோன்றுகிறார். 'நெறியாளர்' என்பது பட்டிமன்றத்தையும் வானொலியையும் சார்ந்த சொல்லாகிவிட்டது. 'ஆட்டநடத்துநர்' எனலாம், ஆனால் 'நடத்துநர்' என்றதும் பயணச்சீட்டு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. அகராதியில் தேடுவது பயன் தராததற்குக் காரணம் உண்டு. நாம் தேடுவது ஒரு சொல் அன்று, ஒரு பணி. அப்பணியைச் செய்வோர் தமிழ்ப் பாடலை மையமாகக் கொண்ட ஒரு கலையில் இன்றும் உள்ளனர். பாரதப்புழையை ஒட்டிய பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தைத் தோல்பாவைக்கூத்தாக நிகழ்த்தும் புலவர்களையே இங்குக் குறிப்பிடுகின்றேன். இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, விளையாட்டைப் பற்றியதைவிட நம் பதிப்பு வழக்கங்களைப் பற்றியே மிகுதியாகத் தெரியவருகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. விதிநூலுள் அகப்பட்ட அரக்கன்

விளையாட்டின் தொன்மங்கள் எங்கே உறைகின்றன என்ற வினாவுக்கு இரு விடைகள் உள. ஒன்று, அவை நூலில் உள்ளன என்பது. மற்றொன்று, மேசையருகே அமர்ந்து ஆட்டத்தை நடத்துபவரின் வாயில் உள்ளன என்பது. இவ்வழக்குப் புதியதன்று. பிரஷ்யப் படைத்துறையில் ரைஸ்விட்ஸ் 1824-இல் நெறிப்படுத்திய போர் விளையாட்டில் ஒவ்வொரு மோதலுக்கும் பகடையும் அட்டவணையும் விடை கூறின. 1876-இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கி, பட்டறிவுமிக்க நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். 1974-இல் பிறந்த விளையாட்டு இவ்விரு போக்குகளையும் ஒருங்கே பெற்றுக்கொண்டது.

நூலில் உள்ளன என்னும் விடை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு நம்முடைய சொல் ஒன்றே சான்று. 1977-இல் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் தொகுப்பில் 'ராக்ஷஸா' என்றொரு பதிவு உண்டு. அங்குள்ள ஓவியத்தில் அவன் புலித்தலையோடு புகைக்குழாய் பிடித்து அமர்ந்திருக்கிறான். வாழ்த்தப்பெற்ற குறுக்குவில்லின் கணை பட்டால் மாள்வான். அவனுடைய ஒழுக்க இயல்பு தீயது என ஒரு வரியில் முடிவுசெய்யப்பட்டுள்ளது. 1980-இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' இந்திரன், அக்கினி, காளி, யமன் முதலியோர்க்கும் உயிர்ப்புள்ளி, கவசத்தரம் எனக் கணக்குக் குறித்தது. இதனைச் சமய அவமதிப்பு என்று சினப்பதில் பொருளில்லை. கிரேக்கக் கடவுளரும் அதே நூலில் அதே கணக்கில் அடங்கியுள்ளனர். மொழியியலார் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு சொல் ஒரு கதைமரபின் முழு உறவுகளோடும் வழங்கிய நிலையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, பண்புகளின் பட்டியலாகச் சுருங்குகிறது. அப்பட்டியலின்படி வீடணன் பிறக்கவே முடியாது.

இந்நூலைத் தமிழாக்குபவர் அப்பதிவுக்கு 'அரக்கன்' என்று எழுதினால், கம்பனைப் பயின்றவர் உள்ளத்தில் கும்பகருணனும் இந்திரசித்தும் எழுவர். பட்டியலோ புலித்தலையைக் காட்டும். 'ராக்ஷஸா' என ஒலிபெயர்த்தால் புறம்போன சொல் அயற்சொல்லாகவே வீடு திரும்பும். பின்னதே பொருத்தம் எனக் கருதுகிறேன். நம்மிடமிருந்து போனது இதுவன்று என்பதை அவ்வயன்மை நேர்மையாகவாவது தெரிவிக்கும்.

விதிநூல் அவ்வாறு இருப்பினும், ஆட்டத்தை நடத்துபவர் 'இந்த ஒருவன் அவ்வாறல்லன்' என்று சொல்லிவிட்டால் அம்மேசையில் வீடணன் பிறந்துவிடுகிறான். இவ்வுரிமையைப் படைப்பாளரே ஒப்புக்கொண்ட உலகங்களும் உள்ளன. கிரெக் ஸ்டாஃபர்டு படைத்ததும், 1978-இல் வெளியான 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டின் களமாக அமைந்ததுமான குளோரந்தா என்னும் உலகில், ஒவ்வொரு மேசையின் தொன்மமும் வேறுபடும் என்பது ஆடுவோரிடையே ஏற்கப்பெற்ற கொள்கை.

3. கூத்துமாடத்தின் உள்ளே

இனிப் பாலக்காட்டிற்கு வருவோம். பத்திரகாளி தாரிகனோடு பொருதுகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணும் வாய்ப்பை இழந்தாள். அவள் குறை தீரச் சிவபெருமான் அக்கதையை ஆண்டுதோறும் நிழலாக நிகழ்த்த ஏற்பாடு செய்தார் என்பது இக்கூத்தின் தோற்றக்கதை. கோயில் முன்றிலில் கருவறையை நோக்கி அமைந்த கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னே வரிசையாக ஏற்றிய இருபத்தொரு விளக்குகளின் ஒளியில் பாவைகள் ஆடுகின்றன. ஏழு இரவு முதல் எழுபத்தோர் இரவு வரை கோயிலுக்கேற்ப நிகழ்ச்சி நீளும். முன்றிலில் பெரும்பாலும் எவரும் இரார். தேவி பார்க்கிறாள் என்பது கொள்கை. தேவியைத் தவிர, திரையின் உட்புறமிருக்கும் புலவர்களே ஒருவர்க்கொருவர் அவையாகின்றனர். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் வெளியிட்ட 'இன்சைடு தி டிராமா-ஹவுஸ்' என்னும் நூலின் முதன்மையான கண்டறிதல் இதுவே. மேசை விளையாட்டிலும் புறத்தே பார்வையாளர் இல்லை என்பதை இங்கு நினைக்கலாம்.

நிகழ்வின் அலகு மிக எளியது. ஒரு புலவர் பாடலைப் பாடுகிறார், பின்னர் உரை சொல்கிறார், மற்றொருவர் எதிர்ப்பாவையின் வாயாக வினவுகிறார், உரை நீள்கிறது. பாடலுக்குச் சில நொடிகளே ஆகின்றன. உரைக்கு எல்லை இல்லை. இலக்கணம், புராணம், மருத்துவம், சோதிடம், கிளைக்கதை யாவும் அதனுள் வரும். பாடல்கள் 'ஆடல்பற்று' எனப்படும் ஏடுகளில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கம்பனுடையவை, சில திரிந்தவை, சில புதியவை. இத்தொகுப்பைச் சின்னத்தம்பி வாத்தியார் என்பவர்க்கு உரியதாக்குகிறது மரபு. உரைக்கு அத்தகைய நிலைத்த ஏடு இல்லை. புலவர் அதனை ஆசானிடம் கேட்டுப் பயின்று, அவ்விரவின் தேவைக்கேற்பச் சொல்கிறார்.

ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. விளையாட்டில் பகடை விழும். முடிவு எவர்க்கும் தெரியாது. கூத்திலோ இராவணன் மாள்வான் என்பது ஏழு வயதுச் சிறுவனுக்கும் தெரியும். நிகழ்ச்சியை மாற்றப் புலவர்க்கு உரிமையில்லை. அது ஏன் நிகழ்ந்தது என்று சொல்வதிலேயே அவருடைய உரிமை முழுவதும் அடங்கியுள்ளது. ஆனால் 'ஏன்' என்னும் வினா சில இடங்களில் 'என்ன' என்பதையும் நெகிழ்த்திவிடுகிறது. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவம் செய்துகொண்டிருக்கையில் இலக்குவன் கையால் மாள்வதாகக் கூத்தில் ஒரு பகுதி வருகிறது. கம்பனில் இஃது இல்லை. விமலசூரியின் பௌமசரியத்திலும் தெலுங்கு ரங்கநாத ராமாயணத்திலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. இப்பகுதி சேர்ந்ததும் சூர்ப்பணகை காமத்தால் மட்டும் வந்தவளாக இல்லை. மகனை இழந்த தாயாகவும் நிற்கிறாள். வாலி வதையிலும் அவ்வாறே: மறைந்து நின்று எய்தது அறமா என்ற வினாவை வாலிப் பாவையின் வாயில் வைத்து ஒரு புலவர் எழுப்ப, இராமப் பாவைக்குரியவர் விடையிறுக்க வேண்டும். அந்த விடை ஏட்டில் முடிந்துவிடுவதில்லை. வீடணனுக்கும் ஆண்டுதோறும் புதிதாக நியாயம் சொல்லப்பட வேண்டியிருக்கிறது.

4. உரையின் தமிழ்

கூத்தின் தமிழைப் பற்றி எழுதுவோரிடம் ஒரு தொடரை அடிக்கடி காண்கிறோம்: 'சிதைந்த தமிழ்'. மலையாள ஒலிப்பில் பாடல் கெட்டது என்றும், உரை இருமொழிக் கலப்பு என்றும் கூறி விலகிவிடுகின்றனர். இது சரியன்று.

ஒலிப்பை முதலில் நோக்குவோம். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்குகள் பலவற்றில் 'காற்று' என்பது 'காத்து' ஆகிவிட்டது. மேடைத் தமிழில் அதே ற்ற என்பது நடுங்கொலியும் தகரமும் கலந்த ஒன்றாக ஒலிக்கிறது. மலையாளம் பேசும் நாவில் அது இன்றும் நுனியண்ண வெடிப்பொலியே. யாழ்ப்பாணத் தமிழிலும் அவ்வாறே. தொல்காப்பியம் றகரத்தையும் னகரத்தையும் ஒரே பிறப்பிடத்தில் வைப்பதை நினைந்தால், இவ்விடத்தில் கம்பன் பாடலைப் பழமைக்கு அணித்தாக ஒலிப்பவர் கூத்துமாடத்துப் புலவரா, நம் மேடைப் பேச்சாளரா என்று கேட்கத் தோன்றுகிறது. மலையாளச் சாயலால் ஐகார ஈறு அகரமாவதும், 'ந்த' என்பது மெல்லின இரட்டையாவதும் உண்மையே. ஒருபுறம் பழமை, மறுபுறம் திரிபு. இரண்டையும் 'சிதைவு' என்ற ஒரே சொல்லால் மூடுவது ஆய்வாகாது.

இலக்கண நிலையில் உரையின் பணி இன்னும் தெளிவு. பாடலில் 'வந்தான்' என்றால் திணையும் பாலும் எண்ணும் ஈற்றிலேயே உள. மலையாள வினைமுற்றில் அவ்வீறு இல்லை. 'வந்நு' என்றால் வந்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று தெரியாது. எனவே உரை மலையாளத்தை நோக்கிச் சாயுந்தோறும் எழுவாயைப் பெயர்சொல்லிக் கூறவேண்டிய கட்டாயம் எழுகிறது. கம்பனின் தோன்றா எழுவாய் எவரைச் சுட்டுகிறது என்று உரையாசிரியர்கள் மாறுபடும் இடங்கள் உண்டு. அச்சு உரை இரு கருத்துகளையும் தந்துவிட்டு நகரலாம். கையில் பாவையைப் பிடித்திருப்பவர்க்கு அவ்வசதி இல்லை. எந்தப் பாவை அசைகிறதோ அதுவே எழுவாய். இது மொழிபெயர்ப்பு; அதே நேரத்தில் தீர்ப்பு. விளையாட்டை நடத்துபவரின் பணிக்கு இதைவிட நெருங்கிய ஒப்புமையை நான் அறியேன்.

ஆகவே கலைச்சொல்லுக்கு என் பரிந்துரை 'வாத்தியார்' என்பது. 'புலவர்' என்றால் பாவியற்றுபவர் என்ற பொருளே முந்தும். தெருக்கூத்திலும் ஆட்டத்தைப் பயிற்றி நடத்துபவர் வாத்தியாரே. பள்ளிக்கூடம் நினைவுக்கு வருமே என்பர். வரட்டும், விதிநூலைப் படித்தவரும் அதனை மீற அறிந்தவரும் ஒருவரே என்ற கருத்து அச்சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது.

5. ஏடில்லாத தொன்மம்: இடுக்கி

பாலக்காட்டிற்கு ஏடும் உரையும் உண்டு. தெற்கே இடுக்கி மலைகளில் ஏடே இல்லாத நிலையைக் காண்கிறோம். கோவில்மலையை மையமாகக் கொண்ட மன்னான் பழங்குடியினர் கோவலன் கண்ணகி கதையைக் கூத்தாக ஆடுகின்றனர். சிலப்பதிகாரம் அவர்கட்கு மூலநூல் அன்று. மதுரையைவிட்டுத் தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததாகச் சொல்லும் முதுவர், தம் பெயரையே அம்முதுகிலிருந்து வருவிக்கின்றனர். இச்சொற்பிறப்பை நாம் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் அது ஒரு குலவரலாற்றின் நடுத்தூண். குமுளிக்கு அருகிலுள்ள மங்கலதேவி கோயில் சித்திரை முழுநிலவன்று ஒருநாள் மட்டும் இரு மாநில அலுவலர்களின் மேற்பார்வையில் திறக்கப்படுகிறது. அக்கோயில் எவருடையது என்ற வழக்கில் இருதரப்பும் நூற்சான்றும் நில ஆவணமும் காட்டுகின்றன. மலைமக்களின் கூத்து எவர் கோப்பிலும் இல்லை.

6. எதனைப் பதிவு செய்கிறோம்

அண்மைப் பத்தாண்டுகளில் பாவைக்கூத்து நற்பெயர் பெற்றுள்ளது. கே.கே. இராமச்சந்திர புலவர்க்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் பொறிகளால் இயங்கும் பாவைகளும் செய்திகளில் இடம்பெற்றன. அயல்நாட்டு மேடைகளுக்கு ஒருமணி நேரக் கூத்து உருவாகியிருக்கிறது. கலைஞர்களின் வாழ்வுக்கு இவையாவும் தேவை, குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் இரவு முழுவதும் நீளும் நிகழ்வை ஒருமணி நேரமாக்கும்போது வெட்டப்படுவது பாவையன்று, பாடலுமன்று, உரைதான். பொறி கையை அசைக்கும். வாலியின் வினாவுக்கு விடை சொல்லாது. இக்கூத்தில் உரைக்கென வழங்கும் மொழி வகைக்குக் கூத்துமாடமே வாழிடம். வேறெங்கும் எவரும் அதனைப் பேசுவதில்லை.

பிளாக்பர்னின் நூலுக்குரிய சிறப்பு, உரையையும் பாடலோடு சேர்த்து மொழிபெயர்த்தது. அதன் குறையும் அங்கேயே உள்ளது: இரண்டும் ஆங்கிலமாகிவிட்டபின், பாடலிலிருந்து உரைக்கு இறங்கும்போது மொழியே மாறுகிறது என்பதைப் படிப்பவர் கேட்க இயலாது. நாம் செய்யக்கூடியது மூலமொழிப் படிதான். அதற்கு எந்த எழுத்து? தமிழ் எழுத்தில் எழுதினால் உரையிலுள்ள வடசொற்களின் ஒலிப்பொலிகளும் மூச்சொலிகளும் மறையும். மலையாள எழுத்தில் எழுதினால் அவை நிற்கும். ஆனால் பல்லின நகரத்திற்கும் நுனியண்ண னகரத்திற்கும் அவ்வெழுத்தில் ஒரே வடிவம். பாடல்களுக்கு ஏட்டின் துணை இருப்பதால் இக்குழப்பம் பெரிதாகாது. உரைக்கு அத்துணையும் இல்லை. எழுதுபவர் தேர்ந்த எழுத்தே அதன் முதல் வடிவமாகிவிடும். இரு நெடுங்கணக்குகளையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்து, ஒரே இரவின் உரையையாவது முதலில் எழுதிப் பார்க்கலாம். வாலியும் இராமனும் வாதிடும் இரவு அதற்கு ஏற்றது.