அணங்கும் அச்சமும்: திகிற் படங்களிற் பெண்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, அவை ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என்பர். அச்சத்துக்கு அவர் கூறும் நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பனவாம். இவற்றுள் முதலில் நிற்கும் அணங்கு என்னும் சொல் நுணுகி நோக்கத்தக்கது. உரையாசிரியர் பேயையும் பூதத்தையும் அதனுள் அடக்குவர். அச்சொல்லே அழகினாற் பிறரை வருத்தும் பெண்ணையும் குறிக்கும். திருவள்ளுவர் காமத்துப்பாலைத் தகையணங்குறுத்தல் என்னும் அதிகாரத்தைக் கொண்டே தொடங்கினார். வருத்தும் தெய்வமும், வருத்தும் பேயும், வருத்தும் பெண்ணும் ஒரே சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றன. காண்பவரை வருத்துதல் என்பதே மூன்றுக்கும் பொதுவான பண்பு. அவள் தான் வருந்தினாளோ என்பதைப் பற்றி அச்சொல் யாதும் கூறுவதில்லை.

திகிற் படம் என்று வழங்கும் திரைப்பட வகை இந்த முதல் நிலைக்களத்தையே பெரிதும் நம்பி வளர்ந்தது. வெள்ளை ஆடை, விரிந்த கூந்தல், மறைந்த முகம், இருளில் எழும் காலடியோசை ஆகியவற்றை நீக்கிவிட்டால் அப்படங்களுட் பலவற்றில் எஞ்சுவது சிறிதே. ஆயின், அப்பெண்களின் பழங்கதைகளை ஆராய்ந்தால், அவர்களுட் பெரும்பாலோர் துன்புறுத்தப்பட்டவர்கள் என்பது புலனாகும். வெகுளி பிறக்கும் களங்களாகத் தொல்காப்பியர் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பவற்றைச் சொல்வர். உறுப்பைச் சிதைத்தல், சுற்றத்துக்குக் கேடு செய்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்ல முற்படுதல் என இவை விரியும். பேயாக வரும் பெண்ணின் கதையில் இந்நான்கனுள் ஒன்றேனும் இல்லாமற் போவது அரிது. ஆகவே, அவளிடத்தே உள்ளவை அழுகையும் வெகுளியுமாம். புறத்தே நின்று காண்பவரிடத்தே அவை அச்சமாக மாறுகின்றன. இம்மாற்றத்தைச் செய்வது கமரா. அது எப்பக்கத்தில் நிற்கிறது என்பதே இப்படங்களை மதிப்பிடுதற்குரிய முதற் கேள்வி என்பது இக்கட்டுரையின் துணிபு. நான்கு படங்களைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

முதலாவது, 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘கேட் பீப்பிள்’. வால் லூட்டன் தயாரிக்க, ஜாக் தூர்னர் நெறிப்படுத்தினார். சேர்பிய நாட்டினின்றும் நியூயோர்க் நகருக்கு வந்த ஐரினா என்னும் ஓவியப் பெண் அதன் தலைவி. காதலுணர்ச்சி மிகுந்தால் தான் சிறுத்தையாக மாறிவிடுவாள் என்ற பழங்கதையை அவள் நம்புகிறாள். ஆதலால் மணந்த கணவனையும் நெருங்கவிட அஞ்சுகிறாள். தொல்காப்பியர் வேறு வேறாக எண்ணிய அணங்கும் விலங்கும் இங்கே ஓருடலில் ஒன்றாகின்றன.

செலவு குறைந்த அப்படத்தில் அச்சம் பெரும்பாலும் நிழலாலும் ஓசையாலுமே கட்டப்படுகிறது. கணவனின் தோழியாகிய அலிஸ் இரவில் நகரப் பூங்காவின் மதிலோரம் தனியே நடக்கிறாள். பின்னால் ஐரினாவின் பாதணியோசை தொடர்கிறது. திடீரென அது நின்றுவிடுகிறது. உறுமல் எழும் என்று நாம் எதிர்பார்க்கும் கணத்தில், சீறிக்கொண்டு திரையினுட் புகுவது ஒரு பஸ் வண்டி. திரைப்படத் துறையினர் இத்தகைய உத்திக்குப் பின்னாளில் ‘லூட்டன் பஸ்’ என்றே பெயரிட்டனர். மற்றொரு காட்சியில் அலிஸ் நிலக்கீழ் நீச்சற் குளத்தில் தனித்து நிற்க, நீரின் ஒளியலைகள் சுவரிலும் கூரையிலும் அசைகின்றன. விலங்கின் குரல் கேட்கிறது. விலங்கு தெளிவாகத் தோன்றுவதில்லை. பின்னர், கிழிந்து கிடக்கும் ஆடை ஒன்றே சான்றாக எஞ்சுகிறது.

இவ்விரு காட்சிகளிலும் கமரா அலிஸின் பக்கத்தில் நிற்கிறது. ஆயினும் படம் முழுவதும் அங்கேயே நின்றுவிடவில்லை. திருமண விருந்தின்போது முன்பின் அறியாத ஒருத்தி ஐரினாவைச் சேர்பிய மொழியிற் சகோதரி என்று அழைக்கிறாள். அந்நகரில் அவளை உறவு சொல்லி அழைக்கும் குரல் அது ஒன்றே. அக்குரலே அவளை நடுங்கச் செய்கிறது. பூட்டிய கதவின் இப்புறத்தே கணவன் நிற்க, அப்புறத்தே அவள் மண்டியிட்டுக் கிடக்கும் காட்சியும் உண்டு. தன்னைத் தானே அஞ்சும் பெண்ணின் துயரை இவ்விடங்களில் நாம் அவள் பக்கத்தில் இருந்து காண்கிறோம். அவள் இறந்த பின்னர், அவள் தம்மிடம் பொய் சொன்னதில்லை என்று கணவன் கூறுவதோடு படம் முடிகிறது. அவள் சொன்னதை உரிய வேளையில் எவரும் நம்பவில்லை என்பதே அம்முடிவின் கருத்து.

இரண்டாவது, அல்பிரட் ஹிட்ச்கொக் 1960இல் வெளியிட்ட ‘சைக்கோ’. பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிய மரியன் என்னும் பெண், வழியில் ஒரு விடுதியிற் தங்குகிறாள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்து, நீராடும் வேளையிற் கொல்லப்படுகிறாள். ஒரு நிமிடத்துக்கும் குறைந்த அக்கொலைக்காட்சி பல சிறு துண்டுகளால் இணைக்கப்பட்டது. கத்தி, கை, வாய், நீர், திரைச்சீலை என ஒவ்வொன்றும் கணப்பொழுது தோன்றி மறைகின்றன. கத்தி உடலைக் கிழிப்பதைக் கண்டதாகவே நாம் நம்பிவிடுகிறோம். அதனை நிறைவு செய்வது நம் மனமே. அக்காட்சிக்கு இசை வேண்டாம் என்று ஹிட்ச்கொக் முதலிற் கருதினார். பேர்னாட் ஹேர்மன் நரம்புக் கருவிகளைக் கொண்டு அமைத்த கூரிய ஒலியைக் கேட்ட பின்னரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

கொல்லப்படுபவள் பெண், கொல்பவளும் ஒரு முதியவள் போலவே நிழலுருவிற் தோன்றுகிறாள். உண்மையிற் கொல்பவன் மகன் நோர்மன். தாய் அவனாலேயே நஞ்சூட்டப்பட்டுப் பல்லாண்டுகளுக்கு முன் இறந்தவள். அவள் குரல் என்று நாம் கேட்டதெல்லாம் மகன் தன் மனத்தினின்றும் எழுப்பிய குரலே. ஆணும் பெண்ணுமாகிய சிலரின் குரல்களைக் கலந்து அதனை அமைத்தனர் என்பதும் கருதத்தக்கது. அத்தாய் கொடியவள் என்பதற்கு நமக்குள்ள முதன்மையான சாட்சி அவளைக் கொன்றவனே. ஆயினும் படம் முடிந்து வெளியேறும் பார்வையாளர் மனத்தில் நிற்பது மகனின் முகத்தோடு ஒருகணம் கலந்து மறையும் தாயின் மண்டையோடாகும். உருவங்களை ஆளும் திறத்தில் இப்படம் முதல் வரிசையில் வைக்கத்தக்கது. ஆனால், இறந்தவள் தன் கதையைச் சொல்ல அதில் இடமில்லை. மனநோய் வைத்தியர் ஒருவர் இறுதியில் எல்லாவற்றையும் விளக்குகிறார். அவ்விளக்கமும் மகன் வாய்மொழியை ஒட்டியதே.

மூன்றாவது, யப்பானிய நெறியாளர் ஹிடேயோ நகாத்தாவின் ‘ரிங்கு’. 1998இல் வெளிவந்த இப்படம், கோஜி சுசுகி 1991இல் எழுதிய நாவலைத் தழுவியது. ஓர் ஒளிநாடாவைப் பார்த்தவர் ஏழு நாளில் இறந்துவிடுகிறார். அதற்குக் காரணம் கிணற்றில் எறியப்பட்ட சதாக்கோ என்னும் பெண். முகத்தை மறைக்கும் கருங்கூந்தலும் வெள்ளாடையும் நகாத்தா புதிதாகப் படைத்தவையல்ல. வெண்மை யப்பானியரிடையே பிணத்துக்கு உடுத்தும் ஆடையின் நிறம். நான்காம் நம்போக்கு எழுதி 1825இல் மேடையேறிய ‘யொட்சுயா’ பேய்நாடகத்தில், மருந்தென்று நஞ்சு கொடுக்கப்பட்ட ஒயிவா தலைவாரும்போது கூந்தல் கொத்துக் கொத்தாகக் கழன்று வருகிறது. கணவனின் வஞ்சகம் அவள் முகத்திலும் தலையிலும் எழுதப்படுகிறது. கபுகி மேடை வளர்த்த இவ்வுருவத்தை நோபுவோ நகாகாவா 1959இல் திரையில் திறம்பட அமைத்தார். சதாக்கோ அம்மரபின் வழிவந்தவள்.

சதாக்கோ தொலைக்காட்சிப் பெட்டியினின்றும் ஊர்ந்து வெளிவரும் காட்சியை அறியாதார் சிலர். அவள் நடையின் விகாரம், நடிகையைப் பின்னோக்கி நடக்கச் செய்து படச்சுருளைத் தலைகீழாக ஓட்டியதால் வந்தது. ஆனால், அக்காட்சியில் உற்றுநோக்க வேண்டியது அவள் விரல்களையே. அவற்றில் நகங்கள் இல்லை. உயிரோடு கிணற்றில் அடைபட்டவள், சுவரைப் பற்றி ஏற முயன்று முயன்று நகங்களை இழந்தாள். உறுப்பறை என்னும் வெகுளிக்களம் இதனினும் சுருக்கமாகக் காட்டப்படுதல் அரிது. அஞ்சத்தக்க உருவமும் அதனை அவ்வாறு ஆக்கிய கொடுமையும் ஒரே படிமத்தில் நிற்கின்றன.

இப்படம் மற்றொரு வகையிலும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. செய்தியாளராகிய றெயிக்கோ கிணற்றினுள் இறங்கி எலும்புகளைக் கண்டெடுத்து அணைத்துக்கொள்கிறாள். குறை தீர்ந்தது என்று நாமும் ஆறுதலடைகிறோம். அடுத்த நாளே அவளுடைய முன்னாட் கணவன் இறக்கிறான். ஒளிநாடாவைப் பிரதி செய்து பிறருக்குக் காட்டியதாலேயே அவள் தப்பினாள் என்பது பின்னர் தெரிகிறது. அவள் அவ்வெலும்புகளைத் தேடியது தன்னையும் தன் மகனையும் காத்துக்கொள்வதற்காக. பயன் கருதிச் செய்த இரக்கம் பழிக்கு ஈடாகவில்லை என்ற கடுமையான முடிவை இப்படம் கூறாமற் கூறுகிறது.

நான்காவது நமக்கு மிக அண்மையது. 1993இல் பாசில் நெறியாள்கை செய்த மலையாளப் படமாகிய ‘மணிச்சித்திரத்தாழ்’ தஞ்சாவூர் ஆடல்மகளாகிய நாகவல்லியின் கதையைக் கொண்டது. தறவாட்டுத் தலைவன் ஒருவன் அவளைக் கொணர்ந்து, காதலனிடமிருந்து பிரித்துக் கொன்றான். பல தலைமுறைகளின் பின் அவ்வில்லத்துக்கு வந்த கங்கா என்னும் பெண், பூட்டிய அறையைத் திறந்து, நாகவல்லியாகவே தன்னை எண்ணத் தொடங்குகிறாள். இரு நிலைகளையும் நடித்த சோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

அப்படத்தின் மிகத் திகிலான இடம் ஒரு சாதாரணப் படுக்கையறையில் நிகழ்கிறது. கங்கா வெளியே போகக் கூடாது என்று கணவன் தடுக்கிறான். அவள் கண்கள் மாறுகின்றன, குரல் மாறுகிறது, கட்டிலை ஒரு கையாற் தூக்குகிறாள், வாயினின்றும் தமிழ் வருகிறது. சிறு தடையொன்று பழைய பெருந்தடையை எழுப்பிவிட்டது. பெற்றோரைப் பிரிந்து பாட்டியோடு தனித்து வளர்ந்த கங்காவின் சொல்லப்படாத துயரம், கொலையுண்ட ஒருத்தியின் வாயைக் கடன் வாங்கிப் பேசுகிறது.

மலையாளப் பார்வையாளருக்கு அம்மொழிமாற்றம் அச்சத்தின் ஒரு கூறு. தமிழராகிய நாம் கேட்கும்போது நிலைமை வேறாகிறது. பேயின் மொழி நம் தாய்மொழி. அவள் சொல்லும் வசை நமக்கு விளங்குகிறது. அதனடியிலுள்ள புலம்பலும் விளங்குகிறது. இக்கதை வேறு மொழிகளுக்குச் சென்றபோது நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுதல் வேண்டும். 2005இல் பி. வாசு தமிழில் எடுத்த ‘சந்திரமுகி’யில் ஆடல்மகள் தெலுங்கு பேசுகிறாள். 2007இல் வந்த ‘பூல் புலையா’ என்னும் இந்திப் படத்தில் அவள் வங்காளம் பேசுகிறாள். எம்மொழியிற் படம் எடுப்பினும் அணங்கு அயலாளாகவே இருக்கவேண்டும் போலும். நியூயோர்க்கில் ஐரினாவும் அவ்வாறே அயலாள். கூந்தல் முகத்தை மறைப்பதுபோல அயல்மொழி மனத்தை மறைக்கிறது. ‘சந்திரமுகி’யைக் கண்டு நடுங்கி மகிழ்ந்த தமிழர், ‘மணிச்சித்திரத்தாழை’க் கண்டபோது ஒருகணமேனும் மறுபக்கத்தில் நின்றிருப்பர். அக்கணமே இவ்வகைப் படங்களைப் பற்றிய சிறந்த பாடம் எனலாம்.

அச்சம் தருவதே திகிற் படத்தின் தொழில். அதனிடம் நீதியைத் தேடுவது எதற்கு என்று சிலர் வினவலாம். வினா தக்கதே. ஆயின் அச்சத்திலும் தரவேறுபாடு உண்டு. பஸ் வண்டியின் சீறல் முதன்முறை நம்மைத் துணுக்குறச் செய்யும். மறுமுறை அதன் ஆற்றல் குறையும். நகமற்ற விரல்களோ எத்தனை முறை கண்டாலும் நம்மைத் தொடரும், ஏனெனில் அவற்றுக்குப் பின்னே ஒரு காரணம் உண்டு. காரணமறியா அச்சம் உடலைத் தாக்கி ஓய்கிறது. காரணமறிந்த அச்சம் மனத்திற் தங்குகிறது. எனவே, பெண்ணின் துயரைக் கேட்பது அறத்துக்கு மட்டுமன்றி அச்சச்சுவைக்கும் துணையாவதே.

இவ்வுண்மையைச் சிலப்பதிகாரம் நன்கு அறிந்திருந்தது. தலைவிரி கோலமாக, ஒற்றைச் சிலம்பேந்தி வாயிலில் நின்ற கண்ணகியைக் கண்டு பாண்டியனின் வாயிற்காவலன் நடுங்குகிறான். கொற்றவை முதலிய தெய்வங்களை ஒவ்வொருவராக நினைத்து, அவர்கள் அல்லள் என்று விலக்கி, கணவனை இழந்தவள் என்று முடிவில் அரசனுக்கு அறிவிக்கிறான். அரசனோ அவள் கண்ணீரை முதலிற் கண்டு, நீ யார் என்று வினவுகிறான். விடையைக் கேட்டான், கேட்டதன் விலையாகத் தன் உயிரையே கொடுத்தான். திகிற் படங்களுட் பல வாயிற்காவலனின் முதல் நடுக்கத்தோடு நின்றுவிடுகின்றன. சில, அவனைப்போலத் தெய்வத்தையும் பேயையும் விலக்கி, வந்தவள் ஒரு பெண் என்று கண்டுகொள்கின்றன. அரசனைப்போல நீ யார் என்று கேட்டு, விடைக்குரிய விலையையும் கொடுக்கத் துணிந்த படம் மிக அரிது. இனி ஒரு திகிற் படத்தைக் காணும்போது, அது நம்மை எவ்வளவு நடுங்கச் செய்தது என்பதோடு, வாயிலில் நின்றவளை உள்ளே வரவிட்டதா என்பதையும் நாம் கேட்போமாக.