மறுத்தவள் பக்கம்

காமத்தை எழுதும் தமிழ்ப் புனைவில் சம்மதம் பற்றிப் பேச்செடுத்தால் இப்போது ஒரு பதில் தயாராக வருகிறது. சம்மதம் கேட்பது மேற்கிலிருந்து வந்த வழக்கமாம்; நம் மரபில் பெண் மறுப்பது நாணமாம்; அந்த மறுப்பைத் தாண்டி வருபவனே காதலனாம். 'ஆன்டி ஹீரோ' கதைகள் என்ற பெயரில் கட்டாயத் தாலியும் பூட்டிய அறையுமாகத் தொடர்கள் குவிகின்றன. அவற்றுக்குப் பரிந்து பேசுவோர் ஊடலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். மரபைப் படிக்காதவர்களின் வாதம் இது.

ஊடலிலிருந்தே தொடங்கலாம். குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். புலவியும் ஊடலும் அவற்றின் கடைசியில்தான் வருகின்றன. மனம் ஒத்து, கூடி, பிரிந்து, காத்திருந்து களைத்த பிறகே தலைவி ஊடுகிறாள். உறவே தொடங்காத பெண்ணின் மறுப்பை ஊடல் என்று சொல்ல வள்ளுவரிடம் இடமில்லை.

தொல்காப்பியர் இன்னும் கறாரானவர். ஒத்த அன்பு நடுவிலுள்ள ஐந்திணைக்கு மட்டுமே. ஒருபக்கக் காமம் கைக்கிளையாகவும், காமம் முற்றி வலுக்காட்டுவது பெருந்திணையாகவும் இரு ஓரங்களில் நிற்கின்றன. எண்வகை மணங்களில் கந்தருவம் ஒன்றே ஐந்திணையோடு பொருந்துகிறது. பெண்ணைத் தூக்கிச் செல்லும் இராக்கதம் வெளியே தள்ளப்படுகிறது.

இந்த இலக்கணம் உயிரோடு இயங்குவதைக் காணக் கலித்தொகையின் 62-ஆம் பாட்டைப் படிக்க வேண்டும். தழுவ வருபவனைத் தடுத்துத் தலைவி வாதாடுகிறாள். தனக்கு இன்பம் என்பதற்காக அடுத்தவருக்குத் துன்பம் செய்யலாமா என்பது அவள் கேள்வி. தாகம் எடுத்தவன் நீரின் விருப்பத்தையா கேட்டுக் குடிக்கிறான் என்பது அவன் பதில். போதாக்குறைக்கு, வலிந்து கொள்வதும் அறமென்று நூலையும் துணைக்கு இழுக்கிறான். கடைசியில் அவள் இசைந்துவிடுகிறாள். இன்றைய தொடர்களின் கதைப்போக்கு அப்படியே இங்கே இருக்கிறது. ஆனால் கவிஞர் அவளுடைய வாதத்தை மழுக்கவில்லை. அவனுடைய உவமையின் கொடூரம் கேட்பவர் காதில் உறைக்கும்படியே அதை வைத்திருக்கிறார். உரையாசிரியர்களும் அவள் இசைந்தாளே என்று மயங்காமல் இதைப் பெருந்திணைக்கு எடுத்துக்காட்டாக்கினார்கள். முடிவில் கிடைத்த இசைவு தொடக்கத்தில் நடந்ததைக் கழுவிவிடாது என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

கோவைகளையும் உலாக்களையும் வேகமாகக் கடந்துவிடலாம். அவற்றில் பெண்ணின் மனம் வாய்பாடாக உறைந்துவிட்டது. விறலிவிடு தூதுகளில் காமம் பணக்கணக்காகிறது. அதில் நேர்மை உண்டு, ஆழம் இல்லை. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' பற்றி எழுதிக் குவித்தாயிற்று. அது குற்றத்தின் கதை. காமக்கதை என்ற கணக்கில் அதைச் சேர்ப்பதே தவறு.

தயக்கத்தை எழுதுவதில் நம் உரைநடையின் சிகரம் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. தன்னைவிடப் பத்து வயது இளைய பாபுவை ஜமுனா மறுக்கிறாள். அந்த மறுப்புக்குள் கனிவு இருக்கிறது, அவன்மேல் அக்கறை இருக்கிறது, ஊர்வாய்க்குப் பயந்த தயக்கமும் இருக்கிறது. இருந்தும் அது மறுப்புதான். பாபுவின் ஆசை எத்தனை பக்கங்கள் எரிந்தாலும் ஜானகிராமன் அவனுக்குக் குறுக்குவழி தரவில்லை. ஆண்டுகள் கழித்து அவள் இசையும்போதும் கேள்வி அடங்குவதில்லை. வறுமையும் பட்டினியும் தின்று தீர்த்தபின், நன்றிக்கடனும் கலந்து வந்த அந்த இசைவு எவ்வளவு சுதந்திரமானது? கூடியபின் 'இதுக்குத்தானே?' என்று அவள் பாபுவைக் கேட்கும் புகழ்பெற்ற கேள்வி, வெற்றி என்று அவன் நினைத்ததையெல்லாம் சரித்துவிடுகிறது. மறுப்பு, காலம், இசைவு, பிறகு அவளுடைய குரல்: இந்த நான்கும் இருப்பதால்தான் அந்த நாவலில் காமம் இவ்வளவு உக்கிரமாக இருக்கிறது. சம்மதம் வந்தால் காமம் வறண்டுவிடும் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

அதற்குப் பின் கடைகளில் தொங்கிய மஞ்சள் புத்தகங்கள் செய்த கேடு பெரிது. அவற்றில் 'வேண்டாம்' என்பது பெண்ணின் பேச்சாக இருப்பதை நிறுத்தி, ஆணின் வேகத்தைக் கூட்டும் ஓசையாகிப் போனது. இரண்டு வரியில் மறுப்பாள், மூன்றாம் வரியில் உருகுவாள். அந்த மலிவான சூத்திரம்தான் இன்று கௌரவமான அட்டைக்குள் குடும்ப நாவலாக விற்கிறது. தாலி கட்டிவிட்டான் என்பது மட்டுமே புதிய சேர்க்கை.

தாலியின் அந்தப் போர்வையைக் கிழித்தவர் சல்மா. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தது. விருப்பம் கேட்கப்படாமல் மணமுடிக்கப்பட்ட வஹிதாவின் படுக்கையறையை அவர் அவளுடைய உடலுக்குள் இருந்து எழுதினார். வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து இந்தியச் சட்டம் இன்றுவரை கணவனுக்கு விதிவிலக்கு அளிக்கும் இடம் அது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அந்த விதிவிலக்கு நீடிக்கிறது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) பற்றி ஊரே சண்டையிட்டது. சாதியின் மானம் பேசப்பட்டது, எழுத்துரிமை பேசப்பட்டது, 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. நாயகி பொன்னாவின் சம்மதத்தைப் பற்றி அநேகமாக யாரும் பேசவில்லை. கணவன் காளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று பொய் சொல்லித்தான், பிள்ளைப்பேற்றுக்காக வேற்று ஆணைக் கூடலாம் என்ற வழக்கமுள்ள திருவிழாவுக்கு அவளை அழைத்துப் போகிறார்கள். ஏமாற்றிப் பெற்ற அந்த இசைவுக்கு உள்ளேயும் அவளுக்கென்று ஆசை விழிக்கிறது. இரண்டையும் ஒரே இரவில் எழுதிக் காட்டியதுதான் அந்த நாவலின் சாதனை. விமர்சனம் அதைத் தவறவிட்டது வெட்கக்கேடு.

தயக்கத்தை எழுதாதீர்கள் என்று யாரையும் நான் கேட்கவில்லை. காமத்தில் தயக்கத்தைவிட வளமான பொருள் குறைவு. வலுக்கட்டாயத்தைக் கூட எழுதலாம். அவள் ஏன் மறுத்தாள், எப்போது மாறினாள், மாறாமலே எதைச் சகித்தாள் என்பதை எழுத உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்குச் சோம்பியவர்கள் மரபின் பின்னால் ஒளிய வேண்டாம். இத்தொடர்களை நூலாக்கும் பதிப்பாளர்கள், அடுத்த கைப்பிரதியை அச்சுக்கு அனுப்புமுன் நாயகியின் பக்கங்களை மட்டும் தனியே எடுத்து ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.