எண்ணெய்ச் சட்டி மட்டுமா குற்றவாளி?

பாப்பிரெட்டிப்பட்டிக் கடையில் பஜ்ஜியைக் கையிலெடுத்துத் தயங்கும் வாசகரே! சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2024-இல் வெளியிட்ட ஆய்வைச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தியே எழுதின. ஆய்வுக்கு உட்பட்டோர் 38 பேர்தாம். உடல் பருத்தவர்கள், நீரிழிவு இல்லாதவர்கள். வறுக்காமல் வேகவைத்த உணவை 12 வாரம் உண்டபோது அவர்கள் உடலில் இன்சுலின் நன்கு வேலை செய்தது. நல்ல ஆய்வுதான், ஆனால் சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்பது அதன் கேள்வியன்று.

சர்க்கரை புரதத்தில் ஒட்டிக் கெடுப்பது சட்டியில் மட்டுமா? நம் இரத்தத்திலும் நடக்கிறது. சிவப்பணுவின் ஹீமோகுளோபின் சுமார் 120 நாளில் அழிந்துவிடும். இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள கொலாஜனோ ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சர்க்கரை ஏற ஏற அதன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து விறைக்கின்றன. சிறுநீரக வடிகட்டியின் சவ்வும் தடிக்கிறது, ஆல்புமின் கசிகிறது. தலைப்புகளில் இதற்கு இடமில்லை. பஜ்ஜியை விட்ட நிம்மதியில் நீரிழிவுக்காரர் சிறுநீர்ப் பரிசோதனையையும் விட்டுவிட்டால் யார் பொறுப்பு?