கணினியிற் காணும் சுவரும் உலையிற் காணும் சுவரும்

ஞாயிற்றில் நிகழும் கருச்சேர்க்கையைப் புவியில் நிகழ்த்தி மின்னாற்றல் பெறும் முயற்சியில், பத்துக் கோடி பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையுடைய பிளாஸ்மாவை உண்டாக்குவதே பெருஞ்செயல் எனப் பலர் கருதுவர். அதனைச் சூழ்ந்துநிற்கும் சுவரைக் காப்பதும் அதற்குக் குறைந்த செயலன்று. காந்தப் புலம் பிளாஸ்மாவைத் தாங்கிநிற்பினும், விளிம்பிற் கசியும் துகள்கள் சுவரை ஓயாது தாக்கும். அதனாற் பெயர்ந்த அணுக்கள் பிளாஸ்மாவினுட் புகுந்து அதனைக் குளிரச் செய்யும். ஆதலின், சுவரின் மேற்பரப்பு அடையும் மாற்றங்களைக் கணினியிற் போலச்செய்து முன்னரே அறியும் முறை பெரிதும் வளர்ந்துள்ளது. அதன் தகுதியும் எல்லையும் ஆராயத்தக்கன.

இங்கிலாந்தின் ஜெற் உலை முதலிற் காபன் சுவரைக் கொண்டிருந்தது. எரிபொருளாகிய திரிதியத்தைக் காபன் தன்னுள் மிகுதியாகப் பற்றிக்கொள்ளும். ஆதலின் 2011 முதல் அங்குப் பெரிலியமும் தங்குதனும் இடம்பெற்றன. பிரான்சில் எழும் ஈற்றர் உலைக்கு 2024 இல் வகுக்கப்பட்ட திட்டம், சுவரிற் பெரிலியத்தையும் நீக்கித் தங்குதனையே கொண்டது. உலோகங்களுள் மிக உயர்ந்த உருகுநிலை, அதாவது 3,422 பாகை செல்சியசு, உடையது அது. நம்பிக்கை முழுதும் ஓர் உலோகத்தின்மேல் ஏற்றப்பட்டபின், அதனைப் பற்றிய கணிப்பிற் பிழை நேரின் இழப்பும் பெரிதாகும்.

இக்கணிப்புக்கு இரு முறைகள் சிறந்தன. டிரிம் முதலிய செய்நிரல்கள் மோதல்களை இவ்விரண்டு அணுக்களுக்கிடையே நிகழ்வனவாகக் கொள்ளும். ஒரு துகள் தாக்கினாற் சராசரியாக எத்தனை அணுக்கள் பெயரும் என்பதை இவை விரைந்து கூறும். விடை பெரும்பாலும் அளவீட்டோடு பொருந்தும். ஆயினும், சுவரின் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடப்பனவாகவும் பரப்புச் சமமானதாகவும் கொள்வது இவற்றின் இயல்பான குறை. மற்றையது மூலக்கூற்று இயக்கவியல். ஒவ்வோர் அணுவையும் நியூற்றனின் விதிப்படி அது பின்தொடரும். தங்குதனுட் புகுந்த ஈலிய அணுக்கள் ஒன்றுகூடித் தங்குதன் அணுவையே இடம்பெயர்த்துத் தமக்கு இடஞ்செய்துகொள்ளும் விந்தையைக் கண்ணெதிரே காட்டியமை இதன் அரிய பேறு.

இதன் குறை காலத்தைப் பற்றியது. 2006 இல் யப்பானிய ஆய்வாளர், சூடான தங்குதனை ஈலியப் பிளாஸ்மாவில் வைத்தபோது, பாசி படர்ந்தாற்போல நுண்ணிழைகள் முளைத்தமையை வெளியிட்டனர். அவ்விழைகள் வளர நிமிடங்களும் மணிகளும் வேண்டும். கணினியோ பெரும்பாலும் ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு கூறு முதலாகச் சில ஆயிரங் கூறுகள் வரையே செல்லும். இவ்விடைவெளியைக் குறைக்க, உலையிற் பாய்வதினும் பல்லாயிர மடங்கு மிகுதியான ஈலியத்தைக் கணிப்பிற் பாய்ச்சுவர். அவ்வாறு பாய்ச்சின், தங்குதன் அணுக்கள் நகர்ந்து அமைதிபெறுமுன்னரே குமிழிகள் மிகையழுத்தமுற்று வெடிக்கும். விடையின் அளவு மட்டுமன்றி, நிகழ்ச்சியின் இயல்பே மாறிவிடுகின்றது. இரணைமடுக் குளக்கட்டின் உறுதியை ஒருநாட் புயலின் பேரலையாலன்றி அளவாதவர், ஆண்டுதோறும் சிற்றலைகள் மண்ணை அரிப்பதைக் காணார். அவரது கணக்குச் சரியாயினும், கட்டைப் பற்றிய முடிபு சரியாகாது.

இத்திறனாய்வு வன்னிக்கு வேண்டாத ஒன்றெனல் பொருந்தாது. இலங்கையிற் கருச்சேர்க்கை உலை இல்லை. ஆனால், லாம்ப்ஸ் என்னும் மூலக்கூற்று இயக்கவியற் செய்நிரல் விலையின்றிக் கிடைக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியற்பீட மாணவரும், 2021 இல் தனி நிறுவனமாகிய வவுனியாப் பல்கலைக்கழக மாணவரும் கணினி ஒன்றைக் கொண்டே இவ்வாராய்ச்சியினுட் புகலாம். வறிய நாட்டவர்க்குத் திறந்த வாயில் இது. எனினும், அளவீடு கைக்கெட்டாதவரே திரையின் வண்ணப்படத்தை உண்மையெனக் கொண்டு மயங்குதற்கு எளிதில் ஆளாவர். அசாமின் சோனாப்பூரில், ஈலியப் பிளாஸ்மாவை உலோகத்தின்மேற் செலுத்திச் சோதிக்கும் சிறு பொறி ஒன்றை இந்தியர் அமைத்துள்ளனர். அத்தகைய சோதனையின் முடிபுகளைக் கணிப்போடு ஒப்புநோக்கி, எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு பாய்ச்சலுக்குத் தம் விடை பொருந்தும் என்பதையும் விடையோடு சேர்த்து உரைத்தல் கணிப்போர் கடன். அவ்வெல்லையைக் கூறாத கணிப்பு, அழகிய படமாக மட்டுமே எஞ்சும்.