காருக்குள் அமைதி: ஒலித்தடுப்புக் கண்ணாடிக்குக் காசு கொடுக்கலாமா?

ஷோரூமில் நிற்கும் புதுக் காரின் முன்கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். விளிம்பு ஒரே பாளமாக இருந்தால் அது சாதாரண டெம்பர்டு கண்ணாடி. நடுவே பென்சிலால் கிழித்தாற்போல் ஒரு கோடு ஓடினால், இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்த லேமினேட்டட் கண்ணாடி. "சத்தமே உள்ளே வராது" என்று சொல்லி மேல்ரக வேரியன்ட்டை விற்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பதை இந்தக் கோடு சொல்லிவிடும்.

சென்ற ஆண்டு நாங்கள் கார் மாற்றியபோது எனக்கு இது சொகுசு பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. அம்மாவுக்கு இரண்டு காதிலும் காதுக் கருவி. திண்டிவனம் தாண்டி நாற்கரச் சாலையில் வண்டி நூறைத் தொட்டால், பின்சீட்டில் இருக்கும் அவருக்கு நாங்கள் முன்னால் பேசுவது எதுவும் பிடிபடாது. கருவி எங்கள் பேச்சோடு சேர்த்துக் காற்றின் இரைச்சலையும் பெருக்கிவிடும். சிறிது நேரத்தில் கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடியே திருச்சி வரை வருவார். அதனால் "அக்கூஸ்டிக் கிளாஸ் சார், உள்ளே அவ்வளவு அமைதி" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதும் மேல்ரகத்துக்கே பணம் கட்டத் தயாராகிவிட்டேன். கையெழுத்துப் போடும் முன் கண்ணாடிகளை இறக்கிப் பார்த்தேன். நான்கு கதவிலும் கோடு இல்லை. அவர் சொன்ன அக்கூஸ்டிக் கண்ணாடி முன்பக்க விண்ட்ஷீல்டு மட்டும்தான்.

அவர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. மீதியை வாங்குகிறவர்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

விண்ட்ஷீல்டு லேமினேட்டட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அந்தக் கண்ணாடி பிறந்த கதை பலருக்கும் தெரிந்தது. 1903-ல் பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனெடிக்டஸின் ஆய்வுக்கூடத்தில் கீழே விழுந்த ஒரு குடுவை, உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலத்தால் சிதறாமல் நின்றது. 1909-ல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று அந்தப் படலத்தின் இடத்தில் இருப்பது பாலிவினைல் பியூட்டைரல். வழக்கமான கனம் 0.76 மில்லிமீட்டர். அக்கூஸ்டிக் வகையில் இந்தப் படலமே மூன்று அடுக்காக வரும்: இரண்டு கெட்டிப் படலங்களுக்கு நடுவே மெத்தென்று ஒன்று. விண்ட்ஷீல்டில் எப்படியும் ஒரு படலம் இருந்தாக வேண்டும் என்பதால், அதை அக்கூஸ்டிக் படலமாக மாற்றுவது தயாரிப்பாளருக்குப் பெரிய செலவில்லை. கதவில் அப்படியில்லை. அங்கே ஒற்றைத் தகட்டை எடுத்துவிட்டு இரண்டு தகடு வைக்க வேண்டும். காசைச் சேமிப்பது அங்கேதான்.

அந்த மெத்தென்ற படலம் என்ன செய்கிறது? எந்தக் கண்ணாடித் தகட்டுக்கும் பலவீனமான ஒரு சுருதி உண்டு. காற்றில் வரும் ஒலி அலையும் கண்ணாடியில் எழும் வளைவு அலையும் ஒரே நடையில் சேரும் இடம் அது. அங்கே கண்ணாடி ஒலியைத் தடுப்பதை விட்டுத் தானே சேர்ந்து அதிர்ந்து உள்ளே கடத்துகிறது. நான்கு மில்லிமீட்டர் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸில் நடக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதோ 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை. காது விழிப்பாக இருக்கும் இடத்தில்தான் கதவுக் கண்ணாடி கைவிடுகிறது. அதிரும் தவில் தோலில் உள்ளங்கையை வைத்தால் நாதம் அடங்குகிறதல்லவா? நடுப்படலம் கண்ணாடிக்குள் அப்படி ஒரு உள்ளங்கை.

பேச்சுக்கு இது ஏன் முக்கியம் என்பதை அம்மாவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். உயிரொலிகளின் பலம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கமோ பெரும்பாலும் மேல்சுருதியில். "பட்டு" என்றதும் "பத்து" என்றதும் ஓடும் காரில் ஒன்றாகக் கேட்பது இதனால்தான். குரல் வந்து சேர்கிறது, சொல் வந்து சேர்வதில்லை. வேகத்தில் கிளம்பும் காற்று இரைச்சல் அந்த மேல்சுருதியை மூடிவிடுகிறது. அதுவும் வேகத்தோடு சீராக ஏறாமல் தாவி ஏறும். விண்ட்ஷீல்டின் ஓரத் தூணிலும் பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடியிலும் மோதிச் சுழலும் காற்றின் ஒலி ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் அடுக்கில் வளரும். அறுபதிலிருந்து நூற்றிருபதுக்குப் போனால் சுமார் 18 டெசிபல் கூடுதல். ஓட்டுநரின் காதுக்கு ஒரு முழம் தள்ளித்தான் முன்கதவுக் கண்ணாடி இருக்கிறது. நல்ல அக்கூஸ்டிக் கண்ணாடி அங்கே இருந்தால் குரலை உயர்த்தாமல் பேச முடியும். லாரி ஹாரனின் குத்தலும் மழுங்கும். இது உண்மையான பலன். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் காருக்குள் கேட்கும் சத்தத்தில் காற்று ஒரு பங்கு மட்டுமே. நகரத்தில் நாற்பது, ஐம்பதில் போகும்போது மேலோங்குவது டயர் ஒலி. சாலையின் சொரசொரப்பு டயரை அதிரவைத்து, சஸ்பென்ஷன் வழியாக ஏறித் தரைத்தகட்டை முரசாக்குகிறது. டயருக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸில் முழங்கும். டீசல் என்ஜினின் தடதடப்பும் கீழ்ச்சுருதிதான். இவை எதுவும் கண்ணாடி வழியாக மட்டும் வருவதில்லை. வருகிற பங்கையும் ஒரு மெல்லிய படலத்தால் பெரிதாகத் தடுக்க முடியாது. அண்ணா சாலை நெரிசலில் மட்டுமே ஓடப்போகும் காருக்கு இந்தக் கண்ணாடி தருவது ஹாரனிலிருந்து கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனித்தேன். காற்றின் சீறல் குறைந்ததும், அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த டயர் முழக்கம் முன்னால் வந்து நிற்கிறது. நல்ல கண்ணாடியும் மலிவான டயரும் சேர்ந்த காரில் "இவ்வளவு செலவழித்தும் சத்தம் போகவில்லையே" என்று தோன்றுவது இதனால்தான்.

எண்களிலும் கவனம் வேண்டும். கைபேசிச் செயலியில் அளந்தால் சாதாரணக் கண்ணாடிக்கும் அக்கூஸ்டிக் கண்ணாடிக்கும் மொத்த வித்தியாசம் ஓரிரு டெசிபல்தான் காட்டும். அதை வைத்து "ஏமாற்று வேலை" என்று முடிவுகட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. மொத்த அளவைத் தீர்மானிப்பதில் கீழ்ச்சுருதிக்குத்தான் பெரும்பங்கு. பலன் கிடைப்பதோ மேல்சுருதியில். மறுபக்கம், "சத்தம் பாதியாகிவிடும்" என்பதும் தவறு. காதுக்குப் பாதியாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். கண்ணாடி மட்டும் மாற்றி எந்தக் காரிலும் அது நடக்காது. செயலியைவிட நல்ல அளவுகோல் பேச்சுதான். டெஸ்ட் டிரைவில் ஏசி விசிறியைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் இரண்டு வேரியன்ட்டையும் ஓட்டிப் பாருங்கள். பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, முன்னாலிருந்து சாதாரணக் குரலில் சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் எதுவும் தெரியாது. எண்பதைத் தாண்ட இடமுள்ள சாலை வேண்டும்.

கண்ணாடிக்கு முன் பார்க்க வேண்டியது கதவின் ரப்பர் பீடிங். ஒலி நீரைப் போல இடுக்கு தேடும். பீடிங் ஓரிடத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் எவ்வளவு உயர்ந்த கண்ணாடியும் வீண். சில ஆண்டு ஓடிய காரில் காய்ந்த பீடிங்கை மாற்றுவதும், அடுத்த முறை டயர் வாங்கும்போது சத்தம் குறைந்த ரகம் கேட்டு வாங்குவதும் குறைந்த செலவில் ஆகும் காரியங்கள். கண்ணாடிக்கு அந்த வசதி இல்லை. கதவின் சேனல், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் எல்லாம் குறிப்பிட்ட கனத்துக்கும் எடைக்கும் செய்தவை. பின்னால் வெளியில் மாற்றிக்கொள்ளலாம் என்பது நடைமுறையில் கடினம். கார் வாங்கும் நாளிலேயே இதை முடிவு செய்ய வேண்டியிருப்பது அதனால்தான்.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. டெம்பர்டு கண்ணாடி ஓங்கி அடித்தால் கல்கண்டுபோலப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விடும்; உதிராது. அதுவே அதன் பலம். வண்டி உருண்டால் உள்ளிருப்பவர் வெளியே தூக்கி எறியப்படும் வாய்ப்பு குறைகிறது. கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கும் திருடனுக்கும் எளிதில் வேலை முடியாது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை நடுப்படலம் நிறுத்திவிடுகிறது. நம் வெயிலில் வலது கை கறுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் தப்பிக்க வேண்டிய நேரத்தில் அதே பலம் எதிராகத் திரும்பும். அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-ல் கண்ணாடி உடைக்கும் ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. 2015-லும் 2023-லும் சென்னை பார்த்த வெள்ளத்தையும், மழை வலுத்தால் குளமாகும் ரயில்வே சுரங்கப்பாதைகளையும் நினைத்துப் பாருங்கள். டேஷ்போர்டில் ஒரு சுத்தியல் வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர், தன் காரின் எந்தக் கண்ணாடியில் அது வேலை செய்யும் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். பல கார்களில் முன்கதவில் மட்டும் லேமினேட்டட் வைத்து, பின்கதவுகளை டெம்பர்டாகவே விடுகிறார்கள். என் பார்வையில் அது குறையில்லை. உடைத்து வெளியேற ஒரு வழி மிஞ்சுகிறது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: கார் நீரில் இறங்கினால் கதவோடு போராட வேண்டாம், பெல்ட்டைக் கழற்றி, நீர் ஜன்னல் உயரத்துக்கு ஏறும் முன் கண்ணாடியை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியேற்ற வேண்டும். முதல் ஒரு நிமிடம்தான் கைவசம் இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, லேமினேட்டட் கதவுக் கண்ணாடி உடைந்தால் மாற்றும் விலை டெம்பர்டைவிட அதிகம். காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு பிடிப்பதில்லை என்பதால் பாலிசி இருந்தால் சுமை குறையும். ஆனால் கோரிக்கை வைத்தால் நோ கிளெய்ம் போனஸ் போகலாம். இதை ஒரு பெரிய எதிர்வாதமாக நான் எடுக்கவில்லை.

மின்சாரக் கார் வாங்குகிறவர்களுக்குக் கணக்கு சற்று மாறுகிறது. என்ஜின் ஒலி இல்லாததால் காற்றும் டயரும் தனியே துலங்கிக் கேட்கும். டெஸ்லா தன் மாடல் 3 காருக்கு முதலில் முன்கதவுகளில் இரட்டைத் தகட்டுக் கண்ணாடி கொடுத்து, 2023-ல் வெளியிட்ட புதுப்பதிப்பில் எல்லாப் பக்கமும் அக்கூஸ்டிக் கண்ணாடி வைத்தது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

என் முடிவு இது. மாதம் இரண்டு முறையாவது நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர், மின்சாரக் கார் வாங்குகிறவர், வீட்டில் காது மந்தமான பெரியவர் இருப்பவர் ஆகிய மூன்று தரப்பினருக்கும் முன்கதவில் அக்கூஸ்டிக் கண்ணாடி கொடுத்த காசுக்குத் தகும். பின்கதவுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். விண்ட்ஷீல்டில் மட்டும் இருப்பதை ஒரு சிறப்பம்சமாகக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நகரத்துக்குள்ளேயே ஓடும் காருக்கு இதற்காக மட்டும் ஒரு வேரியன்ட் மேலே ஏறுவது வீண். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

நாங்கள் முதலில் பார்த்த காரை விட்டுவிட்டு, முன்கதவிலும் லேமினேட்டட் உள்ள வேறொன்றை எடுத்தோம். அம்மாவை இப்போது முன்சீட்டில் உட்காரவைக்கிறோம். விழுப்புரம் தாண்டியும் காதுக் கருவி காதிலேயே இருக்கிறது. கண்ணாடிக்குப் பங்கு எவ்வளவு, சீட் மாறியதற்குப் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்துதான் உதவின.

கார் தயாரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். "அக்கூஸ்டிக் கிளாஸ்" என்று ஒற்றை வரியில் அச்சிடாதீர்கள். விண்ட்ஷீல்டு, முன்கதவு, பின்கதவு, பின்கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே லேமினேட்டட்டா டெம்பர்டா என்பதை விவரப் பட்டியலில் போடுங்கள். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதும், அவசரத்தில் எந்தக் கண்ணாடியை உடைக்கலாம் என்பதும் வாங்குகிறவருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும்.