செல் தட்டில் செத்தது உடம்பிலும் சாகுமா?

போன மாசம் ராசிபுரத்திலிருந்து அத்தை கூப்பிட்டாங்க. அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய், டிரிப்பிள் நெகட்டிவ் வகை. "ஆர்என்ஏ மருந்து வந்துருச்சாமா கண்ணு? இனி கீமோ வேண்டாம்னு வாட்ஸ்அப்புல வந்திருக்கு"ன்னு கேட்டாங்க. இந்த மாதிரிச் செய்திகளுக்கு மூலமாக இருக்கிற ஆய்வுக் கட்டுரைகள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு.

முதலில் நியாயமான பக்கம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டி இது. அதனால டமாக்சிஃபென், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளுக்குப் பிடி கிடையாது. இந்திய மார்பகப் புற்று நோயாளிகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இந்த வகைதான். புதுப் பிடி தேடுவது அவசியம்.

புரதம் செய்யாத ஆர்என்ஏக்கள் அப்படி ஒரு பிடி. மைக்ரோ ஆர்என்ஏ-21ஐ எடுத்துக்குங்க. செல்லை 'பெருகு, சாகாதே' என்று தூண்டுவது பிஐ3கே–ஏகேடி சமிக்ஞைப் பாதை. அதற்கு பிரேக் போடும் புரதம் பிடென். நாமக்கல்லில் லாரி கட்டும்போது பிரேக்கையே மாட்ட விடாமல் ஒருத்தன் தடுத்தா எப்படியோ, அப்படி இந்த ஆர்என்ஏ பிடென் உருவாவதையே குறைக்குது. அதை அடக்கினா பிரேக் திரும்ப வரும். இந்த யோசனையில் தப்பே இல்லை.

குறை அடுத்த கட்டத்தில். பெரும்பாலான கட்டுரைகள் எம்டிஏ-எம்பி-231 என்ற செல்களில் சோதிச்சுட்டு, 'சிகிச்சைக்கு வாய்ப்புள்ளது' என்று முடிச்சுடுறாங்க. அந்தச் செல்கள் 1973இல் அமெரிக்காவின் டெக்சாஸில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து எடுத்தவை. ஐம்பது வருஷமா தட்டிலேயே வளர்பவை. ராசிபுரத்து அத்தையின் கட்டிக்கு அதுவே மொத்தப் பதில் ஆகுமா?

இன்னொன்று, மருந்து போய்ச் சேருவது. தட்டில் ஊற்றினா எல்லாச் செல்லுக்கும் கிடைக்கும். ரத்தத்தில் ஏற்றினா பெரும்பாலான லோடு கல்லீரலில்தான் இறங்குது. 2018இல் அனுமதி பெற்ற முதல் குறுக்கீட்டு ஆர்என்ஏ மருந்தான பாட்டிசிரான், கல்லீரலைக் குறிவைத்ததால்தான் ஜெயிச்சது. புற்றுநோய்க்கென்று மனிதர்களில் சோதிச்ச எம்ஆர்எக்ஸ்34 என்ற மைக்ரோ ஆர்என்ஏ மருந்தோ, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. கட்டுரைகளின் முடிவுரையில் இந்தக் கதை அபூர்வமாகத்தான் வருது.

சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. இந்த ஊர்ப் பெண்களின் கட்டித் திசுவில், அவங்க சம்மதத்தோடு, இதே ஆர்என்ஏக்களை அளந்து பார்த்தா அது பெரிய வேலை. அதுவரைக்கும் ஒவ்வொரு கட்டுரையும் 'இது தட்டில் மட்டும் பார்த்தது' என்று கடைசி வரியில் எழுதினாலே போதும். எழுதுறவங்களுக்கு அது ஒரு வரி. படிக்கிற நோயாளி கீமோவை விடலாமான்னு யோசிக்கிறாங்க.

அத்தைகிட்ட, "இன்னும் வரல அத்தை, அடுத்த கீமோவுக்குத் தவறாமப் போங்க"ன்னு சொன்னேன். போயிட்டு வந்துட்டாங்க.